மெமோ இல்லாமல் ஒரு தண்டனை

விளக்கம் கேட்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது செங்குட்டுவனுக்குக் கிட்டத்தட்ட மதம். சுரங்கக் கம்பெனியின் பர்சனல் டிபார்ட்மெண்ட்டில், ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில், பணிக்காலம் முழுவதும் விளக்கம் கேட்டு மெமோ அடித்தவர் அவர். ஷிஃப்ட்டுக்குத் தாமதமாக வந்தவன், வராமலே வந்ததாகச் சொன்னவன், சூப்பர்வைசரை ஒருமையில் பேசியவன் என்று டவுன்ஷிப்பில் அவர் கை படாத ஆள் குறைவு. ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்த வீட்டுக்குக் குடிவந்தார். அதன் பிறகு, அடித்த பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு வெப்சைட் தொடங்கினார்.

பெயர், 'மெமோ வந்தால்'. மெமோ வாங்கியவர் என்ன பதில் எழுத வேண்டும், எதை எழுதவே கூடாது என்பதெல்லாம் அதில் இலவசம். சென்னையில் இருக்கும் மகள் சத்யா அமைத்துக் கொடுத்தாள். அவர் போனைப் பார்த்துப் பேசுவார், போன் எழுதிக்கொள்ளும். தினமும் இருநூறு பேருக்குக் குறையாமல் வந்து படித்தார்கள். பதவியில் இருந்தபோது எழுந்து நின்றவர்கள், ஓய்வு பெற்றதும் கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் அது. அந்த இருநூறு பேர்தான் செங்குட்டுவனைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் காலையில் போன் வந்தது.

"சார், பவுல்ராஜ் பேசறேன். மைன்ஸ்ல கன்வேயர்ல இருக்கேன். உங்க வெப்சைட்டக் காணோம் சார்."

"காணோம்னா?"

"கூகுள்ல 'மெமோ பதில்'னு போட்டா மொத ஆளா நீங்கதான் நிப்பீங்க. இப்ப தள்ளித் தள்ளிப் பாத்துட்டேன். யார் யாரோ நிக்கிறாங்க. நீங்க இல்ல."

பவுல்ராஜுக்கு வேண்டிய பதிலைப் போனிலேயே வரி வரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, செங்குட்டுவன் நேராகச் சமையலறைக்குப் போனார். மனைவி மலர்கொடி பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"மலரு, என்னைத் தண்டிச்சிட்டாங்க."

"யாருங்க?"

"கூகுள்."

"எதுக்காம்?"

"அதத்தான் சொல்லல! மெமோ இல்ல. விளக்கம் கேக்கல. விசாரணை இல்ல. நேரா டிஸ்மிஸ்!"

"நீங்க என்னா தப்பு பண்ணிக்கினு இருந்தீங்களோ?"

"நானா? தப்பா?"

"சொல்லலீங்க, கேட்டேன். கேக்காம சொன்னாதான தப்பும்பீங்க."

இந்த இடத்தில் செங்குட்டுவனின் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஓடிவிட்டது. "நான் போய்ப் படுத்துட்டா சஸ்பெண்ட் ஆனவன் கதி என்னா?" என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். உண்மையில் பயம். கண்ணுக்குப் பக்கத்தில் கத்தி வரும் என்ற பயம். போன மழைக்காலத்தில் கும்பகோணம் ரோட்டைக் கடக்கும்போது, எதிரே வந்த லாரியை மரத்து நிழல் என்று நினைத்து இறங்கிவிட்டார். மலர்கொடி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் போயின, ஆள் மிஞ்சினார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, 'பணியிடத்தில் பாதுகாப்பு' என்று போனிடம் ஒரு கட்டுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்யாவுக்குப் போன் பறந்தது.

"தண்டனையா இல்லையான்னு கண்டுபிடிக்க வழி இருக்குப்பா. மொதல்ல சைட் பேரை முழுசாப் போட்டுத் தேடுங்க. பேரைச் சொல்லியும் வரலன்னா விஷயம் பெருசு. அப்புறம், சைட்டோட உரிமையாளருக்குன்னு கூகுள்ல தனியா ஒரு பக்கம் இருக்கு. தண்டனை குடுத்திருந்தா அங்க போட்டிருப்பாங்க."

"அப்ப மெமோ உண்டு!"

செங்குட்டுவனுக்கு உலகத்தின் மீது கொஞ்சம் மரியாதை திரும்பியது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எழுத்தைப் பெரிதாக்கினார். எழுத்தோடு சேர்ந்து மூட்டமும் பெரிதானது. வழக்கம்போல மலர்கொடியைத்தான் படிக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"பேரைப் போட்டாச்சு. வரலீங்க."

"உரிமையாளர் பக்கம்?"

"'எந்தப் பிரச்சினையும் இல்லை'ன்னு இங்கிலீசுல போட்டிருக்கு. பச்சையா ஒரு டிக்கு வேற."

"நல்லாப் பாரு. தண்டனைய எப்பவும் சின்ன எழுத்துலதான் அடிப்போம்."

"இந்தப் பக்கத்துல வேற ஒண்ணும் இல்லீங்க."

மலர்கொடி பொய் சொல்கிற ஆள் இல்லை. அந்தப் பக்கத்தில் இல்லை என்றால் இல்லைதான்.

குற்றம் எதுவென்று யாரும் சொல்லாதபோது, மனிதன் தானே தேட ஆரம்பித்துவிடுகிறான். செங்குட்டுவன் இரண்டு நாள் தன்னைத் தானே விசாரித்தார். ஒரே கட்டுரையை 'வடக்குத்தில் மெமோ வந்தால்', 'கம்மாபுரத்தில் மெமோ வந்தால்', 'முத்தாண்டிக்குப்பத்தில் மெமோ வந்தால்' என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரே விளக்கத்தைப் பத்துப் பேர் எழுதிக் கொடுத்திருந்தால் அவரே பத்து மெமோ அடித்திருப்பார். வெட்கப்பட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மலர்கொடியிடம் அழிக்கச் சொன்னார். பிறகு, "முந்தைய பழுதற்ற பணிப்பதிவைக் கருத்தில் கொண்டு" என்று ஒரு மேல்முறையீடும் தயார் செய்தார்.

"தண்டனையே இல்லாம மேல்முறையீட்ட யாருக்குப்பா அனுப்புறது?" என்றாள் சத்யா.

அன்று அவர் சோறு வேண்டாம் என்றார். மலர்கொடி தட்டை எடுத்து வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? குத்தம் சாட்டப்பட்டவனோட பேப்பரையெல்லாம் யாரு பாக்கணும்னு எழுதிக்கினு இருந்தீங்க?"

"குற்றம் சாட்டப்பட்டவரே நேர்ல பார்வையிடணும். அது அவரோட உரிமை. அடுத்தவங்க படிச்சுச் சொல்றத நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது."

"நான் படிச்சுச் சொல்றேன், நீங்க நம்பிக்கினு இருக்கீங்க. எனக்கு இங்கிலீசு அரகொற. எங்கயோ ஒரு மூலையில எழுதியிருந்து நான் வுட்டுட்டா?"

செங்குட்டுவன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நானே பாக்கணும்."

"பாருங்க. கண்ணு தெரியணும், அவ்வளவுதான்."

கொள்கை ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். முப்பது வருஷத்து மெமோக்கள் அவரைக் கத்தியின் பக்கம் தள்ளின. பாண்டிச்சேரியில் ஆபரேஷன் அறைக்குள் போகும் வரை மலர்கொடியின் கையை விடவில்லை. நர்ஸ் வந்து விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

வலது கண்ணில் கட்டைப் பிரித்தபோது முதலில் தெரிந்தது மலர்கொடியின் முகம். இத்தனை நரை இவளுக்கு எப்போது வந்தது? பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போயிற்றே. "நல்லாத் தெரியுது" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் அனுமதி கொடுத்த அன்றே கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒரு வரி விடாமல் படித்தார். கூகுள் பக்கத்தில் குற்றம் எதுவும் இல்லை. அதைத் தாண்டி, தன் வெப்சைட்டின் உள்ளே புகுந்து, ஒவ்வொரு அமைப்பாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு பக்கத்தின் அடியில் சின்னக் கட்டம் ஒன்று இருந்தது. 'தேடுகிறவர்களுக்கு இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அதில் அழகாக ஒரு டிக்.

"மலரு! இது யாரு போட்டது?"

"நாந்தாங்க. எங்க போடணும்னு சத்யா சொல்லிக் குடுத்தா."

"விளக்கம் கேக்காம தண்டிச்சிட்டியே! மெமோ எங்க?"

"ஒரு வருஷமா வாயால குடுத்துக்கினுதான இருந்தேன்? கண்ணு பாக்கப் போலாம், கண்ணு பாக்கப் போலாம்னு. ஒரு தடவையாவது பதில் சொன்னீங்களா? அந்த லாரிக்காரன் பிரேக் போட்டானோ இல்லியோன்னு இன்னும் எனக்குத் தூக்கத்துல வருது."

வாய்ப்பளித்தும் விளக்கம் வராவிட்டால், மேற்கொண்டு கேட்காமலே நடவடிக்கை எடுக்கலாம். செங்குட்டுவன் அடித்த ஒவ்வொரு மெமோவின் கடைசி வரியும் அதுதான். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது.

டிக்கை எடுத்துவிட்டுச் சேமிக்கப் போனார். பாஸ்வேர்டு கேட்டது. போட்டார். தவறு என்றது.

"பாஸ்வேர்டு மாத்திட்டியா?"

"ஆமாங்க."

"சொல்லு. எத்தனை பேர் காத்துக்கிட்டு இருப்பாங்களோ."

"சொல்றேன். எடது கண்ணுக்கு அடுத்த மாசம் நாளு வாங்கியிருக்கேன். அது முடிஞ்சி வூடு வந்து சேரட்டும்."

செங்குட்டுவன் மேல்முறையீடு செய்யவில்லை. அந்த வீட்டில் மலர்கொடிக்கு மேல் அதிகாரி யாரும் இல்லை.