சாவித் துவாரத்தில் ஒரு சந்தனப் பொட்டு

கேட்காமலே உதவி செய்ய ஓடி வரும் நண்பன் ஒருவன் வாய்த்துவிட்டால், பேய் பிசாசு என்று தனியாக எதுவும் வர வேண்டியதில்லை. எனக்கு வாய்த்தவன் அந்தோணி. நாங்கள் பிழைக்க வந்த வடக்கத்தி ஊரில் கோர்படி ரயில்வே காலனிக்காரன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான். ஆனால் ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டு வாசலில் முதல் ஆளாக நிற்பான். (பக்தியெல்லாம் கிடையாது. பொரிகடலை.)

அந்த வருஷம் பூஜைக்கு, நான் புதிதாக வாங்கியிருந்த பழைய காரும் நின்றது. அம்மா சந்தனக் கிண்ணத்தை அவனிடம் கொடுத்தாள். டயருக்கு, கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே போன மகராசன், வண்டியைக் கிளப்பச் சாவி போடும் துவாரத்தையும் விடவில்லை. நான் மாலை வாங்கப் போயிருந்த நேரத்தில் சந்தனம் உள்ளே போய்க் காய்ந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் நோண்டி, சாவியைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகியிருக்கிறான். உள்ளே ஏதோ 'டக்' என்றதாம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். நான் வந்து பார்த்தபோது சாவி வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"அரே, எவ்ளோ ஸ்மூத் பாத்தியா?" என்றான். நானும் மடையன், பல்லை இளித்தேன்.

அன்று சாயங்காலம்தான் என் காதலின் தலையெழுத்து முடிவாக இருந்தது. அதே ஊரில் கோந்த்வா பகுதியில் இருந்த கவிதாவை நான் காதலித்தேன். அவள் அப்பா முனுசாமி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பையன் பயந்தாங்கொள்ளி, வேணாம்" என்று ஒரே வரியில் என்னைத் தள்ளியிருந்தார். கவிதா அழுது கெஞ்சியதில், என்னோடு ஒருமுறை கடக்வாஸ்லா அணை வரை காரில் வந்து பார்க்கச் சம்மதித்தார். அதுவே கடைசி வாய்ப்பு. 'உனக்கு சப்போர்ட்' என்று அந்தோணியும் முன் சீட்டில் ஏறிக்கொண்டான்; பின் சீட்டில் கவிதாவும் அவள் அப்பாவும்.

வழியெல்லாம் மழை. லாரி வந்தால் நான் ஒதுங்கினேன். "லாரிக்கே இப்டியா தம்பி?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அணையோரம் போய்ச் சேர்ந்தபோது மழை நின்றிருந்தது. தண்ணீரிலிருந்து பனிமூட்டம் எழுந்து சாலையை விழுங்கிக்கொண்டிருந்தது. சோளம் சுடுகிறவன்கூடக் கடையைக் கட்டிவிட்டான். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) நாலு பேரும் கரையில் நின்றோம். ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

"ஃபேக்டரில நைட் டூட்டில, ஏதோ உருவம் நடக்குதுன்னு அல்லாரும் ஓடுவானுங்க" என்றார் முனுசாமி. "நானு அங்கியே போயி படுத்துத் தூங்குவேன். ஆம்பளைன்னா ஒரு தெகிரியம் வேணும்."

முதுகுக்குப் பின்னால் 'க்ரீச்' என்றது.

திரும்பினோம். கார் வைப்பர் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அப்புறம் இரண்டு விளக்கும் எரிந்தன. மூட்டத்துக்குள் மஞ்சளாக, எங்களையே பார்த்துக்கொண்டு. உள்ளே யாரும் இல்லை. சட்டைப் பையைத் தொட்டேன். சாவி ஜில்லென்று அங்கேதான் இருந்தது.

"யார்ரா உள்ள?" முனுசாமியின் குரல் கீச்சென்று வந்தது.

வைப்பர் இல்லை இல்லை என்பதுபோல் ஆடியது. 'ங்ர்ர்ர்' என்று ஒரு முனகல். கார் ஒரு முழம் முன்னால் எகிறி நின்றது. யோசித்தது. மறுபடி எகிறியது, நேராக அவரைப் பார்த்து. "மரியே, மாதாவே" என்று அந்தோணி முணுமுணுத்தான். நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? கவிதாவின் முதுகுக்குப் பின்னால்.

முனுசாமி சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே! இந்தப் புள்ளைக்கி நீ தொணை நிக்கறன்னு தெரியாம பேசிட்டேன். எம்பொண்ண அவனுக்கே குடுத்துடறேன், என்னை வுட்டுடும்மா!"

முனகல் நின்றது. வைப்பர் பாதியில் நின்றது. விளக்கு அணைந்தது. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்து அந்தோணி என் காதில் சொன்னான்: "டேய்... சந்தனம்டா."

மறுநாள் மெக்கானிக், பூட்டைக் கழற்றிச் சந்தனக் கட்டியை உள்ளங்கையில் காட்டினார். பூட்டுக்குள் ஏதோ உடைந்து, சாவி இல்லாமலே ஸ்டார்ட்டர் வரை மின்சாரம் விட்டு விட்டுப் பாய்ந்திருக்கிறது; மழையில் நான் போட்ட விளக்கும் வைப்பரும் அணைக்காமலே இருந்திருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் கியரில் இல்லாவிட்டால் வண்டி எகிறாது என்றார். நியூட்ரல்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும்.

விஷயத்தை மாமாவிடம் (ஆமாம், இப்போது மாமா) போய்ச் சொன்னோம். "சந்தனமோ சேறோ, குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்று தேதி குறித்துவிட்டார்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று அந்தோணிக்கு இரண்டு தட்டுப் பொரி உண்டு. சந்தனக் கிண்ணம் கிடையாது. மாமா காரில் ஏறுமுன் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் ஏதாவது அதிகமாகப் பேசினால் கவிதா ஒன்றுதான் சொல்வாள்:

"ரொம்ப ஆடாத. எங்கப்பா என்னைத் தர்றேன்னு சொன்னது உங்கிட்ட இல்ல, காருகிட்ட."