மிளகாய் வாங்க வந்த ஹாரன் அண்ணாச்சி

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் யாருக்காவது ரத்தக் கொதிப்பு என்றால், டாக்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "ஹாரன் அண்ணாச்சி உங்கள் கடைக்கும் வருவாரா?"

என் கடைக்கு வருவார். இரண்டு காலும் நடக்காது. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி. வாங்கிய கையோடு அதில் லாரி ஹாரனை மாட்டிவிட்டார். வீட்டில் மசாலாப்பொடி அரைத்து ஹோட்டல்களுக்குப் போடுவது தொழில். என் மிளகாய்க் கடைக்கோ ஏறிவர மூன்று படி. அதனால் படிக்குக் கீழே நின்று ஹாரன் அடிப்பார். நான் ஒருவரிடம் விலை சொல்ல வாயைத் திறப்பேன். 'பாம்ம்ம்!' அந்த ஆள் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

"அண்ணாச்சி, சரக்கைத்தான் வெளிய கொண்டுவந்து தாரோமே, பொறவு என்னவாக்கும்?" என்பேன்.

"நீ தாரதத்தான் நான் வாங்கணுமோ? போன தடவ பாதி காம்பு. பொடியில நெறமே இல்லன்னு ரெண்டு ஹோட்டல்ல நிறுத்திட்டான். இன்னும் ஒண்ணு போனா அடுப்பு எரியாது. உள்ள வந்து கையால பாத்து எடுக்கணும். படி பக்கத்துல சரிவா ஒரு ராம்ப் போடுடே!"

போட்டேன், என் காதைக் காப்பாற்றிக்கொள்ள. சிமெண்டு காய்ந்து முதல் நாள் வந்தவர், ஏற்றத்தின் பாதியில் நின்றுவிட்டார். பேட்டரி காலி. "இன்னைக்கு உள்ள போறேன்" என்று தெரு முழுக்க ஹாரன் அடித்துச் சொல்லிக்கொண்டு வந்தால் பேட்டரிதான் என்ன செய்யும், பாவம்!

வாசல் அடைபட்டது. லாரியிலிருந்து இறக்கிய மூட்டைகளோடு சுமட்டுக்காரர்கள் வெளியே நின்றார்கள். அவர்களில் மூத்தவனுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, நாலு பேரு சேந்து தூக்கி உள்ள வச்சிருதோம்."

"தொட்டுராத! நான் என்ன மூட்டையா? ஏறினா என் வண்டியிலதான் ஏறுவேன், கேட்டியா!"

கெஞ்சினேன். திட்டினேன். கடைசியில் உள்ளேயிருந்து வயர் இழுத்துச் சார்ஜ் போட்டேன். மத்தியானம் வரை நடுவாசலில் உட்கார்ந்து, நான் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, போவோர் வருவோரிடமெல்லாம் ராம்ப் சரியில்லை என்று குறை சொன்னார். எனக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது.

ஒருவழியாக வண்டி முனகிக்கொண்டு மேலே ஏறியது. மூட்டை மூட்டையாகப் போனார். கையை விட்டு அள்ளினார், முகர்ந்தார், ஒன்றை ஒடித்து விதையைப் பார்த்தார். அவசரமே இல்லை. நானும் பெரிய வியாபாரம்தான் என்று தராசைத் துடைத்து வைத்தேன்.

"ஒண்ணும் கொள்ளாது, சரக்கு சரியில்ல. வேண்டாம்டே."

சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி இறங்கிப் போயே போய்விட்டார்.

இத்தனை வருஷமும் படிக்குக் கீழே நின்று, நாங்கள் நீட்டியதையே மடியில் வாங்கிக்கொண்டு போன மனுஷன். சரக்கைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு கடையை விட்டு இறங்கியது அன்றுதான். அந்த முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தபோது, என் வியாபாரம் போனால் போகட்டும் என்று இருந்தது.