சின்னப் படித்துறையில் ஒரு கப்பல் பால்கனி

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் கடல் இல்லை. இந்தக் குறை நெடுங்காலமாக அரசின் மேலான கவனத்துக்கு வராமலே இருந்தது. வந்ததும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. கடலோர மாவட்டத்து மக்கள் மட்டும் சொகுசுக் கப்பலில் போவதும், உள்நாட்டு மக்கள் பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருப்பதும் சமநீதிக்கு முரணானது என்று முடிவாகி, தென்னூரில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையின் மாடியில் 'நதிவழிச் சொகுசுக் கப்பல் மேம்பாட்டு அலுவலகம்' திறக்கப்பட்டது.

முக்கொம்பிலிருந்து கல்லணை வரை காவிரியில் கப்பல் விடுவது திட்டம். வேலை முறையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. கப்பல் கட்டுவது ஒரு துறை. அது மிதக்கத் தண்ணீர் ஏற்பாடு செய்வது இன்னொரு துறை. தென்னூர் அலுவலகத்துக்கு வந்தது கப்பல் அறைகளின் பால்கனி மட்டும். மற்ற இரண்டு துறைகளும் இன்னும் தொடங்கவில்லை என்பதால் பால்கனி மளமளவென்று முன்னேறியது.

அலுவலகத்தின் தலைவர் இணை இயக்குநர் பீமராவ். பால்கனி விஷயத்தில் அவர் அனுபவப்பட்டவர். இதற்காகவே வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் ஆய்வுப் பயணம் போய் வந்தார். அவருக்குக் கொடுத்த அறையின் பால்கனிக்கு நேர் முன்னால் ஆபத்துக்கால உயிர்காக்கும் படகு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடலைப் பார்க்கப் போனவர் பயணம் முழுக்க அந்த ஆரஞ்சு நிறப் படகின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஊருக்கு வந்ததும், கப்பல் பால்கனி என்றால் முன்னால் ஒரு படகு தொங்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்.

அவருக்கு அடுத்தவர் கண்காணிப்பாளர் செந்தமிழன். திட்டத்தின் முதல் கோப்பு தலைநகருக்குப் போனபோது, 'பால்கனி' என்ற சொல்லைப் பார்த்த ஒரு பிரிவு அதைப் பாலும் கனியும் வழங்கும் திட்டம் என்று புரிந்துகொண்டு, பால்வளத் துறைக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் கருத்துக் கேட்டு அனுப்பிவிட்டது. பால்வளத் துறை ஆட்சேபணை இல்லை என்றது. தோட்டக்கலைத் துறை எந்தக் கனி என்று கேட்டது. கோப்பு திரும்பி வருவதற்குள் ஒரு மாம்பழப் பருவம் போய்விட்டது. செந்தமிழன் அசரவில்லை. "கனி இந்தத் திட்டத்தின் வரம்பில் வராது" என்று பொறுமையாகப் பதில் எழுதியவர் அவர்தான்.

பால்கனி பற்றி உண்மையிலேயே தெரிந்துகொண்டு வந்தது உதவிப் பொறியாளர் ஆன்சி ஒருத்திதான். அவள் வேலைக்குப் புதிது. ஆகவே படித்திருந்தாள்.

இந்த அலுவலகத்துக்குத்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து அழகம்மாள் வந்தார். அவர் தெருவின் கோடியில் காவிரிக்கு இறங்கும் ஒரு சின்னப் படித்துறை உண்டு. படிகள் தேய்ந்து பாசி பிடித்துக் கிடந்தன. அவர் கணவர் அழகிரி ஓய்வு பெற்ற தபால்காரர். தினமும் காலையில் ஆற்றில் இறங்கிக் குளித்தால்தான் அவருக்கு அன்றைய நாளே தொடங்கும். ஒருநாள் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குள் பிடித்துக்கொள்ளச் சுவர் இருந்தது. ஆற்றுக்குப் போகிற படியில் எதுவும் இல்லை. பாத்ரூமில் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, குளித்த மாதிரியே இல்லை என்று அவர் நாள் முழுக்க முனகிக்கொண்டிருந்தார்.

அழகம்மாள் படிக்கு ஒரு கைப்பிடி கேட்டு இரண்டு அலுவலகங்களுக்குப் போனார். இரண்டிலும் ஒரே பதில். "ஆத்தைப் பார்த்த மாதிரி இருக்கிற கம்பி எல்லாம் இப்ப தென்னூர் ஆபீஸுக்குப் போயிடுச்சும்மா."

அவர் போன நேரத்தில் தென்னூரில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வெளியே பெஞ்சு கிடையாது. ஆகவே உள்ளேயே ஓர் ஓரமாக உட்காரச் சொன்னார்கள்.

ஆன்சி படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். "முதல் வகை, வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற திறந்த பால்கனி சார். காத்து நல்லா வரும். ஆனா மேல்தளத்துல இருக்கிறவங்க எட்டிப் பார்த்தா கீழே இருக்கிறவங்க தெரிவாங்க."

"மேல்தளத்துல யாரு இருப்பா?" என்றார் பீமராவ்.

"அதிகக் கட்டணம் குடுத்தவங்க சார்."

"அப்ப பார்க்கட்டும். அதுக்குத்தானே குடுக்கிறாங்க."

"ரெண்டாவது, கப்பலோட உடம்புக்குள்ளேயே குடைஞ்ச பால்கனி. மறைவா இருக்கும், வெயில் படாது. ஆனா வெளிச்சம் கம்மி, காத்தும் சுமார்தான்."

"நம்ம ஆபீஸ் மாதிரி" என்றார் செந்தமிழன்.

"மூணாவது, உள்பால்கனி. கப்பலுக்கு நடுவுல ஒரு கடைவீதி இருக்கும். அதைப் பார்த்த மாதிரி இருக்கும். தண்ணி தெரியாது."

"கடைவீதியைப் பார்க்கக் கப்பல் எதுக்கு? மலைக்கோட்டையில ஏதாவது ஒரு ஜவுளிக்கடை மாடியில நின்னா போதாதா?" என்றார் பீமராவ்.

"அதனாலதான் சார் விலை கம்மி. நாலாவதுதான் இப்ப புது ஃபேஷன். தனியா பால்கனியே கிடையாது. பட்டனை அழுத்தினா ஜன்னலோட மேல்பாதி கீழே இறங்கிடும். அறை பெரிசாயிடும்."

"பால்கனி எங்கே?"

"அறைதான் சார் பால்கனி."

"அப்ப அறை?"

"அந்தப் பால்கனிதான் சார்."

பீமராவின் முகம் மாறியது. "இது நம்ம துறைக்கே ஆபத்து. பால்கனி இல்லாத பால்கனிக்கு அனுமதி குடுத்தோம்னா, நாளைக்கு ஆபீஸ் இல்லாத ஆபீஸ்னு ஒரு உத்தரவு வரும். வேண்டாம்."

அப்போது செந்தமிழன் தொண்டையைக் கனைத்தார். "சார், வாஸ்துன்னு ஒண்ணு இருக்கு. போகும்போது வடக்கே பார்த்த பால்கனி, கப்பல் திரும்பினா தெற்கே பார்க்குமே. அதுல இருக்கிற குடும்பம் என்ன ஆகும்?"

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கப்பல் எக்காரணம் கொண்டும் திரும்பக் கூடாது என்று முடிவாயிற்று. கல்லணைக்குக் கிழக்கு நோக்கிப் போகும். முக்கொம்புக்கு அப்படியே ரிவர்ஸில் வரும்.

"இன்னொண்ணு சார்" என்றார் செந்தமிழன். "ரெண்டு கரையிலயும் பொம்பளைங்க குளிக்கிறாங்க. பால்கனியில நின்னா எல்லாம் தெரியும். நாளைக்குப் பிரச்சினை ஆயிடும்."

"பால்கனிக்கு முன்னால திரை கட்டிடுங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த அழகம்மாளால் பொறுக்க முடியவில்லை. "அப்ப அதுல நின்னு எதை சார் பார்ப்பாங்க?"

"திரையை" என்றார் பீமராவ். பிறகுதான் கேட்டது யார் என்று திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

அழகம்மாள் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். படி, பாசி, இடுப்பு, டாக்டர். "பெரிசா ஒண்ணும் வேண்டாம் சார். படி ஓரமா ஒரு கைப்பிடி. அவரு பிடிச்சுக்கிட்டு இறங்கிக் குளிச்சிட்டு வந்திருவாரு."

பீமராவ் கவனமாகக் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் முடியாது என்று சொல்லி அனுப்பியிருப்பார், படித்துறை பிழைத்திருக்கும்.

"ஆத்துக்கு இறங்குறது எங்க சப்ஜெக்ட் இல்லம்மா. ஆத்தைப் பார்க்கிறதுதான் எங்க சப்ஜெக்ட். அவரு ஆத்தைப் பார்ப்பாரா?"

"குளிக்கிறவரு பார்க்காமலா இருப்பாரு?"

"அப்ப செய்யலாம்" என்றார் பீமராவ்.

அழகம்மாள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அரை கிலோ மைசூர்பாகு வாங்கினார். அழகிரி அன்று முனகவில்லை. மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து பழகினார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் கிரேன் வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. கிரேனின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது கைப்பிடி அல்ல, ஓர் அறை. கட்டில், ஏசி, வட்டக் கண்ணாடி ஜன்னல், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, அதைச் சுற்றி இரும்புத் தகடு அடித்த தடுப்பு. கப்பல் வருவதற்கு முன் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கான மாதிரி அறை. படகும் திரையும் கப்பலோடு வருமாம். அதைப் படித்துறையின் மேல் அப்படியே இறக்கி வைத்தார்கள். மேல்படியிலிருந்து ஆறு வரை அடைபட்டது. ஆற்றுக்குப் போக ஒருவர் நுழையும் சந்துகூட மிஞ்சவில்லை.

அழகம்மாள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். மேற்பார்வைக்கு வந்திருந்த பீமராவைப் பிடித்தார். "சார், நான் கேட்டது கைப்பிடி!"

"இருக்கேம்மா. மூணு பக்கமும் இருக்கு பாருங்க."

"அவரு எப்படி சார் ஆத்துக்கு இறங்குவாரு?"

"இறங்கினதாலதானே விழுந்தாரு? இனிமே யாரும் விழ முடியாது."

அவர் சொன்னது உண்மை. அந்த ஆண்டு சின்னப் படித்துறையில் வழுக்கி விழுந்தவர்கள் ஒருவரும் இல்லை. விபத்துகளை முற்றிலும் ஒழித்ததற்காக அலுவலகத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. ஆன்சி மட்டும் ஒரு நாள் அழகம்மாள் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "நான் கைப்பிடின்னுதான் ஆன்ட்டி எழுதி அனுப்பினேன். மேலே போய்ட்டு வர்றதுக்குள்ள பால்கனி ஆயிடுச்சு." அழகம்மாள் அவளுக்குக் காபி கொடுத்தார். வேறு என்ன செய்வது?

தெருக்காரர்களுக்கு முதல் வாரம் கோபமாக இருந்தது. குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் பிரவீன்ராஜ் மறியல் செய்யப்போவதாகக்கூடச் சொன்னார். அவர் வீட்டுமனை வியாபாரி. இரண்டாவது வாரம் கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வந்தார்கள். மூன்றாவது வாரம் தெருவில் வாடகை ஏறியது. மறியல் பேச்சு நின்றது. 'கப்பல் வாழ்க்கை, காவிரிக் கரையில்' என்று பிரவீன்ராஜ் பேனர் வைத்தார். ஊர் முழுக்க அதே மோகம் பிடித்துக்கொண்டது. புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பீமராவின் அறிக்கையைப் பார்த்து எல்லாப் பால்கனிக்கும் முன்னால் ஃபைபரில் ஆரஞ்சுப் படகு செய்து தொங்கவிட்டார்கள். வெளிச்சம் வராத அந்த வீடுகள்தான் முதலில் விற்றன. அசல் கப்பலில் அப்படித்தான் இருக்குமாம்.

மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தது. ஆடிப்பெருக்குக்கு இறங்க வழியில்லாததால், மாதிரி அறையில் வரிசையில் நின்று பால்கனியிலிருந்து கயிற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் மொண்டார்கள். இரண்டு பேர் அழகிரியை நாற்காலியோடு தூக்கிப்போய்ப் பால்கனியில் வைத்து ஒரு வாளியைத் தலையில் ஊற்றினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அழகம்மாள் தட்டவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். "ஆறு நம்மளோடது. இறங்கிக் கால் நனைக்க வழியில்லை. எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்போம், வாங்க." தலையாட்டினார்கள். யாரும் வரமாட்டார்கள் என்றே அவர் நினைத்தார். சொன்ன நாளில் தெருவே திரண்டது. பிரவீன்ராஜ் வேன் ஏற்பாடு செய்திருந்தார். அழகிரியைக்கூடத் தூக்கி உட்கார வைத்தார்கள். வேனில் ஏறும்போது அழகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தென்னூரில் கூட்டத்தைப் பார்த்ததும் பீமராவ் வெலவெலத்துப்போனார். "என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"அந்த அறையை எடுத்துடுங்க சார். படியைச் சரி பண்ணி ஒரு கைப்பிடி போடுங்க. அவ்வளவுதான்."

"சார், ஒரு நிமிஷம்" என்று முன்னே வந்தார் பிரவீன்ராஜ். "அது அம்மாவோட சொந்தக் கருத்து. தெருவோட கோரிக்கை வேற. அக்கரையில ஒரு படித்துறைக்குக் கண்ணாடித் தடுப்புப் பால்கனி குடுத்திருக்கீங்க. எங்களுக்கு மட்டும் இரும்புத் தகடா? நாங்க என்ன இளக்காரமா?"

பீமராவுக்கு உயிர் வந்தது. இது அவருக்குத் தெரிந்த மொழி. "கண்ணாடி வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. அழகம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டுக்கு எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு. பிறகு நாற்காலியில் இருந்த அழகிரியைப் பார்த்தார். அவருடைய கையும் மேலே இருந்தது.

"என்னங்க இது?"

அழகிரி கையை இறக்காமலே சொன்னார். "தகட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்தா ஒண்ணுமே தெரியலை அழகம்மா. கண்ணாடின்னா ஆத்தையாவது பார்த்துக்கிட்டிருக்கலாம்."

அழகம்மாள் தன் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றார் செந்தமிழன். ஒருவர் கை தூக்கவில்லையே என்று ஆன்சி மெல்லிய குரலில் சொன்னாள். கோரிக்கையையே தொடங்கி வைத்தவர் அவர்தான், தனியாக வேறு தூக்க வேண்டியதில்லை என்று விளக்கம் தரப்பட்டது.

கண்ணாடி வந்தது. அதன் ஒரே குறை, ஆற்றங்கரைத் தூசியும் கைரேகையும் படிவது. சுத்தம் செய்வது பயனாளிகளின் பொறுப்பு என்று அலுவலகம் தெரிவித்தது. வீட்டுக்கு ஒரு நாள் என்று தெருவில் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு சுற்றுகூட முடியவில்லை. கல்யாணம், கால்வலி, ஆன்லைன் மீட்டிங் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது தினமும் காலையில் அழகம்மாள் ஒரு வாளியும் பழைய துணியுமாகப் போகிறார். அழகிரி நாற்காலியில் வந்து உட்காருவதற்குள் துடைத்து முடிக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காவிரி நுரைத்துக்கொண்டு ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரவீன்ராஜ் மனை பார்க்க வந்தவர்களை அழைத்துக்கொண்டு அங்கே வந்தார். போனில் ஒரு படம் எடுத்தார். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"அம்மா, அந்த மூலையில கொஞ்சம் அழுத்தித் துடைங்க. அப்புறம் நீங்களும் கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? ஆத்தை மறைக்குது."