கிழக்கு ராவன்போலின் பெருமை

வைலே, டென்மார்க், ஆனி 2009

பெருமதிப்புக்குரிய தேவராசா அத்தான் அவர்களுக்கு,

குலேந்திரன் பணிவுடன் எழுதுவது. உங்கள் தங்கை மனோரஞ்சிதமும் மகள் நிலக்சியும் நானும் சுகம். உங்கள் முழங்கால் உங்கள் சொல்லுக்கு அடங்கி நடக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

நிலக்சி விரும்பும் ராஸ்முஸ் என்ற பையனைப் பற்றிச் சொன்னதும், "ஊர் பேர் தெரியாத இடத்திலை பெண் குடுக்கிறதோ?" என்று தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். தாய்மாமன் வராத கலியாணம் வேண்டாம் என்று பிள்ளை அழுகிறாள். ஆகவே அவளுக்கும் சொல்லாமல், முறைப்படி விசாரிக்க, நானும் உங்கள் தங்கையும் பையனின் ஊரான ராவன்போலுக்கே காரில் போனோம். அதில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு. தேவாலயம் கிழக்கில் இருப்பதால் பையனும் கிழக்குத்தான் என்று கண்டுகொண்டேன். அங்கே கத்தரீனா என்ற அம்மா கோப்பி தந்து எல்லாம் சொன்னார். சும்மா ஊர் இல்லை அத்தான்! முதலில் டென்மார்க் அரசனிடம் இருந்து, 1864 சண்டையோடு ஜெர்மன் பக்கத்துப் பிரஷ்யாவிடம் போய், ஹாடர்ஸ்லேவ் மாவட்டத்தில் சேர்ந்து, திரும்ப டென்மார்க்குக்கு வந்து, 1970இல் அயல் ஊர்களோடு ஒட்டி, இரண்டு வருடத்துக்கு முன் இன்னும் பெரிய கொம்யூனோடு, அதுதான் இங்கத்தைய நகரசபையோடு, ஒட்டி, அரசாங்கக் கந்தோர்தான் மாறி மாறி வந்ததே தவிர ஊர் அசையவேயில்லை. பிரஷ்யன் காலத்தில் கிழக்குக்கு ஊரைப் பார்க்கச் சொந்த விதானை. குளத்துக்கு அங்கால் கிடக்கும் மேற்குக்கு அயல் ஊரின் இரவல் விதானைதான். "மேற்கு ஆக்களின்ரை வீட்டிலை நாங்கள் கை நனைக்கமாட்டம்" என்றார் கத்தரீனா. டேனிஷில்தான் சொன்னார், எனக்கு நம்மூர்ப் பேச்சாகவே கேட்டது. அசல் எங்கள் ஆட்கள்!

தேவாலய வாசலில் ஒரு கல். முதலாம் உலகப் போரில் ஜெர்மன் உடுப்போடு செத்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள். யாருடைய சண்டை, யாருடைய பிள்ளைகள்! போர் முடிந்தபின், எந்த நாட்டோடு இருக்க விருப்பம் என்று அந்தச் சனத்திடம் வாக்கெடுத்திருக்கிறார்கள். கேட்டிருக்கிறார்கள், அத்தான். எங்கள் ஊரில் எல்லாம் முடிந்து ஒரு மாதமாகிறது. உங்கள் தங்கை அந்தக் கல்லடியில் நின்று அழுதாள். கூட வந்த கத்தரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதற்கு மேல் என்ன விசாரணை? கிழக்கு ராவன்போல் சம்பந்தத்துக்கு நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மேற்கு என்றால் நானே விட்டிருக்கமாட்டேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மருமகளின் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவர நீங்கள் வரும் நாளைப் பார்த்திருக்கும்,
குலேந்திரன்

பி.கு.: இதை வாசித்த நிலக்சி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அப்பா, ராஸ்முஸ் மேற்கு! குளத்துக்கு அங்காலை!" மேற்கும் பிழையில்லாத ஊர்தான். விதானை இரவல் என்றாலும் கல் இரண்டு ஊருக்கும் பொதுவாம். ஆகவே அத்தான், மேலே கிழக்கு என்று உள்ள இடமெல்லாம் மேற்கு என்றும், மேற்கு என்று உள்ள இடமெல்லாம் கிழக்கு என்றும் தயவுசெய்து வாசிக்கவும்.