மாத்திரை வாங்கத் தயங்கும் அண்ணனுக்கு

லஹ்தி, நவம்பர்

அன்புள்ள எஸ்கோ அண்ணாவுக்கு,

தங்கை ஹெய்னி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரர் ஆர்டோவும் நலம். உன் நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிட்டேன்; நலமில்லை என்று நீயே வாய் திறந்து எழுதியிருக்கிறாய். நம் குடும்பத்தில் அதுவே பெரிய விசேஷம்.

மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வசந்தத்திலிருந்து நானும் அதைத்தான் விழுங்குகிறேன், உள்ளதைச் சொல்கிறேன். முதலில் குமட்டல், காலைக் காப்பியை நான் தள்ளிவைத்ததைப் பார்த்து ஆர்டோ ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போய்விட்டார். பிறகு வியர்வை. சவுனா வெந்நீராவி அறையில் நனைந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "அடுப்பே இன்னும் மூட்டலையேடி!" என்றார். அப்புறம் தூக்கம் வராமலே கொட்டாவி. மாமியார் தன் எழுபதாம் பிறந்தநாளில் நீளமாக நன்றி சொல்ல எழுந்தார், நான் வாயைப் பிளந்தேன். "முடிச்சிடட்டுமா ஹெய்னி?" என்றார். பேச்சை அங்கேயே முடித்தும் விட்டார். விருந்தாளிகள் எனக்குத் தனியாக நன்றி சொன்னார்கள்.

சில வாரம் கழித்துத்தான் மருந்து பிடித்தது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிடாத விளைவும் அப்போதுதான் வந்தது. லிஃப்டில் பக்கத்து வீட்டு லெஹ்டோனெனிடம், "இன்னிக்கு வெயில் நல்லாருக்குல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். பத்து வருடத்தில் முதல் பேச்சு. மனிதர் நடுவிலேயே இறங்கி மாடிப்படியில் ஓடினார். மறுநாள் ஆர்டோவிடம், "உங்க வீட்டம்மா குடிக்கிறாங்களா?" என்று விசாரித்தாராம்.

"இல்லீங்க, குணமாயிட்டு வரா" என்றாராம் இவர்.

அந்தச் சிரிப்பு என்னுடையதா, மாத்திரையுடையதா என்று கொஞ்ச நாள் குழம்பினேன். பிறகு, வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்தி ஊர் பேர் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன்.

நான் வற்புறுத்தவில்லை அண்ணா. நிதானமாக யோசி, அவசரமே இல்லை. ஆரம்பித்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே. உன் ஏரி சீக்கிரம் உறைந்து, பனியில் துளையிட்டு நீ போடும் தூண்டிலில் மீன் நிறையட்டும்.

அன்புடன்,
ஹெய்னி

பி.கு.: "நிதானமாக", "அவசரமே இல்லை" இரண்டையும் அடித்துவிட்டுப் படி. உறையை ஒட்டும்போது உங்கள் ஊர் மருந்துக்கடை ரைலி போனில் கூப்பிட்டாள். "உங்கண்ணன் வாரம் பூரா வரிசை எண் சீட்டு எடுக்கிறான், முறை வந்ததும் இருமல் மிட்டாய் வாங்கிட்டு ஓடறான். இருமவே இல்ல! என்னன்னு நான் கேக்கல, நீ கேளு" என்றாள். திங்கட்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அன்றைக்கும் சீட்டு எடு. உன் எண்ணைக் கூப்பிடும்போது நான் பக்கத்தில் நிற்பேன்.