பதினாறு கிளிக் மாப்பிள்ளை

மனித குலத்தில் பின்பக்கப் பித்தர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டிருப்பார், அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போவார். ஆனால் வேகத்தடையில் அவர் காரை ஏற்றி இறக்கும்போது முகத்தைக் கவனியுங்கள். காதைப் பின்சீட்டுப் பக்கம் சாய்த்து, கச்சேரி கேட்கிறவர் மாதிரி கண்ணைச் சொக்கவிடுவார். "டொக்குனு ஒரு சத்தம் வந்துச்சே, கேட்டியா?" என்பார் மனைவியிடம்.

அது மாமியாரின் இடுப்பு.

அந்தக் கார் வாரம் ஐந்து நாள் அலுவலகம் போகும். மாதத்தில் ஒரு ஞாயிறு பந்தயத் திடலுக்குப் போகும். அங்கே இரண்டு கார்கள் அருகருகே நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் கால் மைல் நேராக ஓடும். பதினைந்து விநாடியில் முடிகிற சமாசாரம். அதற்காக மாதம் முழுக்க ஒரு குடும்பமே குலுங்க வேண்டுமா? வேண்டும் என்பார் பித்தர்.

நான் சொல்லும் பித்தர் என் பட்டறைக்கு வருகிறவர். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்ட நான், தெருமுனையில் வரும்போதே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவேன். பெரிய படிப்பு படித்த இவர் எனக்கே பாடம் எடுப்பார்.

"முதலாளி, பின்பக்கம் எவ்வளவு கல்லா இருக்கோ, அவ்வளவு வேகம்."

"அப்போ கல்லுலயே வண்டி செஞ்சிடலாமே தம்பி."

கேட்பாரா? கல்யாணத்துக்கு ஒரே நாளில் சரி சொன்ன மனிதர், ஷாக் அப்சார்பருக்கு முப்பத்தோரு கடை ஏறினார். ஸ்பிரிங்கை மாற்றினார், ஆக்சிலைப் பிடிக்கும் கம்பிகளை மாற்றினார், குலுக்கலைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷைப் பிடுங்கிவிட்டு எலும்பு மாதிரி ஒன்றை வைத்தார், வண்டியோடு வந்த சாமான்களையெல்லாம் பெட்டியில் கட்டி மாமியாரின் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். புது ஷாக்கின் தலையில் ஒரு திருகு. டிக்கியைத் திறந்தால் கைக்கு எட்டும். ஒன்றாம் கிளிக் பஞ்சு, பதினாறாம் கிளிக் பாறை. அலுவலகத்துக்கு ஐந்து, அத்தை ஏறினால் ஒன்று, பந்தயத்துக்குப் பதினாறு. இது வீட்டுச் சட்டம். அத்தைக்கான ஒன்று மட்டும் பித்தருக்குப் பாதி நாள் மறந்துவிடும்.

எதிராளி யார்? மனைவியின் தம்பி. அவன் காரில் ஓர் ஆணியைக்கூட மாற்றியதில்லை. சீட்டில் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையையே இன்னும் கிழிக்கவில்லை. அவனிடம் இரண்டு முறை தோற்றாயிற்று. பச்சை விளக்கு எரிந்ததும் பித்தரின் பின்சக்கரங்கள் தத்தித் தத்திப் புகையைக் கிளப்பும்; கார் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"என்ன அத்தான், என்னை வழியனுப்ப வந்தீங்களா?" என்றான் பயல்.

மனைவி தீர்ப்பு சொன்னாள். "இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா பழைய சாமானை மாட்டிடணும். எங்கம்மாவுக்கு இடுப்பு ஒண்ணுதான் இருக்கு."

மூன்றாவது பந்தய ஞாயிறு வந்தது. மகனா மருமகனா என்று பார்க்க மாமியாரும் கிளம்பினார். அன்று சட்டப்படி திருகு ஒன்றுக்கு வந்தது. திடலில் இறங்கிய மாமியார் கொட்டாவி விட்டார். "வழியெல்லாம் நல்ல தூக்கம், மாப்பிள்ளை."

பித்தருக்கு எங்கே காது கேட்டது? டயரில் காற்றைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், தலைக்கவசத்தின் வாரை மூன்று முறை கழற்றி மாட்டினார்.

பச்சை விளக்கு. காரின் பின்பக்கம் அடைக்கோழி மாதிரி அமுங்கி உட்கார்ந்தது. சக்கரம் தரையைக் கவ்வியது. மைத்துனனை ஒரு கார் நீளம் பின்னே விட்டு எல்லையைத் தாண்டினார்.

"பதினாறு! எல்லாம் பதினாறு பண்ற வேலை!" என்று ஊரைக் கூட்டி, டிக்கியைத் திறந்து திருகைக் காட்டினார்.

ஒன்றில் இருந்தது.

"நான் இறங்கினப்புறம் நீங்க டிக்கியைத் தொடவே இல்லையே மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

"அப்போ மெத்துனு இருந்தாத்தான் ஓடுது," என்றாள் மனைவி. "பழசை மாட்டிடலாம்."

"தோத்தாத்தானே மாட்டணும்னு சொன்ன? நான் ஜெயிச்சிட்டேனே!"

மறுநாள் நோட்டுப்புத்தகத்தோடு என் பட்டறையில் நின்றார். "முதலாளி, உலகமே தப்பாப் போயிட்டிருக்கு. இனிமே மென்மைதான்." வாங்கிப் பார்த்தேன். இந்தக் கனத்தில் ஸ்பிரிங், ரப்பர் புஷ், திருகில்லாத ஷாக்.

"தம்பி, இது வண்டியோட வந்த சாமானாச்சே. உங்க அத்தை கட்டிலுக்கு அடியில கிடக்கே."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பழசு முதலாளி. இது அப்கிரேடு."

வாங்கினார். நானே மாட்டினேன். கழற்றிய பதினாறு கிளிக்கும் பெட்டி கட்டிக்கொண்டு அதே கட்டிலுக்கு அடியில் போயிற்று. இப்போது கட்டிலின் கால்கள் தரையில் படுவதில்லை. மாமியாருக்குக் காரில் இடுப்பு வலி இல்லை. படுக்கப் போகத்தான் ஸ்டூல் வேண்டியிருக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பிறகு உங்கள் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எதையோ கழற்றிப் பெட்டி கட்டி வைத்திருப்பீர்கள். அது காருக்கானதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குனியும்போது முதுகில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும்.

எத்தனையாவது கிளிக் என்று மட்டும் யோசித்துவிடாதீர்கள்.