மனு மாமாவின் மிதவண்டி

பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு அரசாங்கத்தையே சைக்கிள் மிதிக்க வைத்த ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். எழுபதுகளில், பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த மனு மாமா. கொசு கடித்தால்கூட கலெக்டருக்கு மனு எழுதுவார்.

அவர் மனைவியை நாங்கள் அத்தை என்போம். மீன் கூடையைத் தலையில் சுமந்து, கணுக்கால் புதையும் மணலில் படகுத்துறை வரை நடந்து, ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டில் விற்றுவிட்டு வருவார். கழுத்து திரும்பாது. அது பொறுக்காமல்தான் மாமா பேனாவை எடுத்ததே.

ஒருநாள், மீன் விற்பவர்களுக்கு மானியத்தில் மிதிவண்டி என்று சர்க்கார் நோட்டீஸ் வந்தது. மாமா கண்ணாடி போடாமல் படித்தார்.

"மிதவண்டியாம்டா! மெதக்குற வண்டின்னா இன்னா? படகுதானே!"

மாமா எழுதிய மனுவில் ஊரே கையெழுத்துப் போட்டது. வந்து இறங்கியவை ஆறு சைக்கிள்கள்!

"இன்னா மாமா, இதுங்க மெதக்குமா?" என்று நான்தான் முதலில் கேட்டேன். என் வாய் அப்படி. மாமா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நோட்டீஸை மறுபடி படித்தார்.

மணலில் ஒரு சைக்கிளும் நகரவில்லை. வலை காயப்போட வசதியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு அதிகாரி சோதனைக்கு வந்து சேர்ந்தார்.

"ஓட்டாத சைக்கிளை எல்லாம் இன்னைக்கே திருப்பி எடுத்துக்கிட்டுப் போறோம்!"

அத்தை முகம் விழுந்துவிட்டது. மாமா பவ்யமாகக் கும்பிட்டார்.

"எங்க ஜனத்துக்கு ஓட்டத் தெரியல சார். நீங்களே கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

அதிகாரி பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். நாலு மிதி. ஐந்தாவதில் அத்தை காயப்போட்டிருந்த கருவாட்டின் மேல் பொத்தென்று விழுந்தார்.

"யோவ், ரோடு எங்கய்யா?"

மாமா சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

"அதுக்குத்தான் சார் மனு. மணல்ல சைக்கிள் ஓடாதுன்னு நீங்களே பாத்ததா ஒரு கையெழுத்து போடுங்க."

கருவாட்டு வாசனையோடு கையெழுத்து விழுந்தது. சைக்கிள்கள் தப்பின. அடுத்த கோடைக்குள் துறை வரை கிராவல் ரோடும் வந்துவிட்டது.

ஊரில் எல்லோரும் முறைபோட்டு ஓட்டினார்கள், மாமாவைத் தவிர. அவர் கேரியரில் கூடையைக் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார். பக்கத்தில் அத்தை, வெறுந்தலையோடு கைவீசி நடப்பார்.

"ஏறி மிதிக்கலாமே மாமா?"

"ஏறிட்டா நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். அவ பின்னாடி தனியா வரணும். வாணாம்பா."

கிண்டலுக்கென்றே பிறந்த நான் அன்றைக்குக் கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே துறை வரை அவர்களோடு நடந்தேன்.